மஞ்சள் கடுதாசிக்கு முன்னால்

பாளையங்கோட்டையில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பத்தொரு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன் நான். கடனை அடைக்க முடியாமல் நொடித்துப் போனவர்கள் கோர்ட்டில் போடும் ஐ.பி. மனுக்களோடு இணைக்க வேண்டிய கடன் பட்டியல்களை அந்த ஆண்டுகளில் எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கடன் கொடுத்தவர் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், கதவு எண், தொகை, வாங்கிய தேதி, எதன் பேரில் வாங்கியது என்று வரிசையாகப் போகும். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்படி ஒரு பட்டியலை அடித்துக்கொண்டு வந்தபோது பதினோராவது வரியில் என் பெயரையே எழுத நேர்ந்தது. மனுதாரர் என் அக்காவின் கணவர். அவருடைய வங்கிக் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நெல்லைப் பக்கத்தில் இந்த மனுவுக்குச் சட்டப் பெயரைச் சொல்வோர் குறைவு. கோர்ட்டுக்குள் ஐ.பி. என்பார்கள்; வெளியே மஞ்சள் கடுதாசி என்பார்கள். "அவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாம்லா" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவர் வீட்டில் பெண் எடுப்பதைப் பற்றியோ, அவருக்குச் சரக்கு கொடுப்பதைப் பற்றியோ பேச்சு நடக்காது. இந்தப் பெயருக்கு அஞ்சியே கடனாளிகள் சட்டத்தின் வாசலுக்குக் கடைசியாக வந்து சேர்கிறார்கள் என்பதையும், வந்து சேர்வதற்கு முந்தைய மாதங்களில் மானத்துக்காகவும் பாசத்துக்காகவும் அவர்கள் செய்யும் காரியங்களே பின்னால் சட்டத்தின் முன் அவர்களுக்கு எதிராக நிற்கின்றன என்பதையும் நான் முப்பது ஆண்டுகளாக அடுத்தவர் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டில் நடந்தபோது பார்க்கத் தவறினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் படித்தவர்களுக்கே குழப்பம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பை நிறைவேற்றியது. கம்பெனிகள் திவாலாகும் செய்திகளில் நாம் கேள்விப்படுவது அதுதான். அதன் மூன்றாம் பாகம் தனிமனிதர்களுக்கானது. ஆனால் அந்தப் பாகம் 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகள் வாங்கிய கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர், ஆசிரியர், விவசாயி போன்ற சாதாரண மனிதர்களுக்கு அது இதை எழுதும் வரை வரவில்லை. ஆகவே திருநெல்வேலியில் ஒருவர் நொடித்துப் போனால் இன்றும் வெள்ளைக்காரன் காலத்து 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ்தான் மனுப் போட வேண்டும். சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். நமக்கு மாகாணச் சட்டம், சார்பு நீதிமன்றம், நொடித்தவர் சொத்தைப் பொறுப்பேற்கும் அஃபீஷியல் ரிசீவர். கடன் ஐந்நூறு ரூபாய் இருந்தால் போதும், மனுப் போடலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 1920இல் ஐந்நூறு ரூபாய் என்பது பெரிய தொகை. நூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த எண் அப்படியே நிற்கிறது.

சாதாரண மனிதர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வராத அந்த மூன்றாம் பாகத்தில் ஓர் ஏற்பாடு உண்டு: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்கு மிகாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருக்கும் ஏழைக் கடனாளி எளிய முறையில் விடுதலை பெறலாம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களில் எத்தனையோ பேரை மனத்தில் வைத்து எழுதியது போலத் தோன்றும் பகுதி. ஏட்டில் இருக்கிறது.

அத்தானுக்கு டவுனில் ரத வீதிக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை. அவருடைய தகப்பனார் காலத்துக் கடை. கல்யாணச் சீருக்குப் பித்தளை, எவர்சில்வர் என்று மொத்தமாக எடுக்க அம்பாசமுத்திரம், வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். அதில் பாதி கணக்கு பிசான நெல் அறுத்த பிறகுதான் தீரும். 2018இல் கடையைப் பெரிதாக்க ஒரு வங்கியில் பன்னிரண்டு லட்சம் வாங்கினார். அதற்குத்தான் என் கையெழுத்து. 2020இல் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் பத்துப் பேர், இருபது பேர் என்று சுருங்கியபோது சீர் வியாபாரமும் சுருங்கியது. வங்கித் தவணைக்காக ஒரு நிதி நிறுவனம். நிதி நிறுவனத் தவணைக்காக ஒரு சீட்டைத் தள்ளி எடுத்தது. சீட்டுப் பணம் கட்டுவதற்காகக் கடைசியில் ஒரு கந்து வட்டிக்காரர். ஒரு கடனை அடைக்க வாங்கும் கடன் முன்னதைவிட விலை கூடியதாகவே இருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர். தவணை தவறினால் வங்கியிலிருந்து எனக்கும் கடிதம் வரும், மச்சினன் முகத்தில் விழிக்க முடியாது என்பது அவருடைய கவலை. என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் அந்த மூன்றாவது ஆளிடம் போனார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

கந்து வட்டியின் கணக்கைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு லட்சம் என்று எழுதி வாங்கினார். முதல் மாத வட்டி பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறாயிரம் கையில் வந்தது. பிறகு மாதம் பத்தாயிரம். பதினான்கு மாதங்களில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டிய பிறகும் அசல் ஒரு லட்சம் குறையாமல் நின்றது. கையில் வாங்கிய தொண்ணூறாயிரத்தை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்று முப்பத்து மூன்று. இதற்கு ஈடாக, தொகை எழுதாத இரண்டு காசோலைகளும், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்திட்ட வெற்றுப் புரோநோட்டு ஒன்றும் கொடுத்திருந்தார்.

தமிழ்நாட்டில் இது குற்றம். 2003ஆம் ஆண்டு இயற்றிய அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் பெயர்களையே எடுத்து வரையறுத்து, மூன்று ஆண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. சட்டப் புத்தகத்தில் மீட்டர் வட்டி என்ற சொல்லை முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் சாரே சிரித்துவிட்டார். அந்தச் சட்டத்தில் பலரும் பயன்படுத்தாத ஒரு பிரிவு இருக்கிறது: சேர வேண்டிய பணத்தைக் கடனாளி நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகவோ பகுதி தீர்ந்ததாகவோ பதிவு செய்யக் கோரலாம். பறித்துக்கொண்ட வீட்டையும் நிலத்தையும் மீட்டுத் தரவும் அதில் வழி உண்டு. நெருக்கடி தாங்காமல் கடனாளியோ குடும்பத்தாரோ உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டியதாகக் கருதவும் அதில் இடமிருக்கிறது.

சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபர் 23ஆம் தேதி திங்கட்கிழமை, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் கந்து வட்டிக் கொடுமையைச் சொல்லித் தீ வைத்துக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள். நான்கு பேரும் பிழைக்கவில்லை. அவர்கள் மனுக் கொடுக்க வந்தது அது முதல் முறையும் அல்ல. இன்று குறைதீர்க்கும் நாளில் அந்த வாசலில் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்திடம் மேற்சொன்ன பிரிவைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். என் அத்தானிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் வாங்கியதே எனக்குத் தெரியாது. 2025இல் வசூலில் அடாவடி செய்வோரைத் தண்டிக்க மாநிலச் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது.

பதிவு பெற்ற நிறுவனங்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு, அவற்றை எடுத்துக் காட்டினால் அநேகமாகப் பணிகிறார்கள். வசூல் முகவர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. அக்கா பெயரில் இரண்டு குழுக் கடன்கள் இருந்தன. அவ்வகைச் சிறுகடன்களுக்கு நேரம் இன்னும் குறுகியது, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. வீட்டுக்கு வந்து வசூலிக்கவும் கட்டுப்பாடு இருக்கிறது: இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்துக்குக் கடனாளி அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ தேடி வரலாம். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் சிறுகடனில், எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. அக்காவுக்கு இரண்டாவது குழுக் கடன் கொடுத்தபோது வருமானத்தை யார் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். படிவத்தில் எழுதியிருந்த தொகை அந்த வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. எழுதியவர் வசூலுக்கு வரும் அதே பையன். அவனுக்கும் இலக்கு இருக்கிறது, பாவம்.

குழுக் கடன் பையன் இரவு எட்டரை மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்த அன்று நான் அங்கே இருந்தேன். குழுவில் இருந்த மற்ற பெண்களும் அவனோடு வந்திருந்தார்கள், ஏனென்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். சத்தம் போட்டவர்கள் அவர்கள்தான். சட்டம் முகவரைக் கட்டுப்படுத்துகிறது. அடுத்த வீட்டு மதினியை எந்த விதி கட்டுப்படுத்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பினோம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம் என்பதைப் புகாரிலேயே குறிப்பிட்டேன். இரவு வருகை நின்றது. தவணை நிற்கவில்லை, நிற்கவும் கூடாது.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். மனுப் போடுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2021 பிப்ரவரியில், அத்தான் குடியிருக்கும் வீட்டை அக்கா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தார். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவ தெருவுல நிக்கக் கூடாதுல்லா, மாப்ள" என்று பத்திரத்தைக் காட்டியபோது சொன்னார். அன்பினால் செய்தார் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. சட்டம் அதை வேறு விதமாகப் பார்க்கும். கடனாளி ஒரு சொத்தை உரிய விலை வாங்காமல் யாருக்காவது எழுதிக் கொடுத்து, எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்ட மனுவின் பேரில் நொடித்தவர் என்று தீர்மானிக்கப்பட்டால், ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு மேலும் ஒன்று உண்டு: கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்தில் சொத்தை மாற்றி எழுதுவதே நொடிப்புச் செயல் என்று அந்தச் சட்டம் பட்டியலிடுகிறது, அதைக் காட்டிக் கடன் கொடுத்தவரே மூன்று மாதத்துக்குள் மனுப் போடவும் முடியும். வீட்டை விட்டு வெளியூர் போய்விடுவது, ஆள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வது, இனிமேல் கட்ட முடியாது என்று அறிவிப்பது எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. திருப்பூருக்கும் மும்பைக்கும் இரவோடிரவாகப் போன நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இந்தப் பட்டியலுக்குள் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

இரண்டாவது காரியம், மனுவுக்கு ஒன்றரை மாதம் முன்பு நடந்தது. அக்காவின் நகையில் மிச்சமிருந்ததை விற்று, தன் பெரியப்பா மகனிடம் கைமாற்றாக வாங்கியிருந்த இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். வங்கிக்கு வழி இருக்கிறது, நிதிக்காரனுக்கு ஆள் இருக்கிறது, அண்ணன் தன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான், அவனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்பது அவர் வாதம். எந்தக் குடும்பத்திலும் அதை நியாயம் என்றே சொல்வார்கள். கடனைத் தீர்க்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவர், ஒரு கடன்காரரை மட்டும் முந்த வைக்கும் நோக்கத்தோடு பணம் கொடுத்து, அதற்குப் பின் மூன்று மாதத்துக்குள் மனு வந்தால், அப்படிக் கொடுத்தது செல்லாது; ரிசீவர் அதைத் திரும்ப வாங்கி எல்லாருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். இதை அண்ணனிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும் நாளில் போனேன். அந்த வீட்டில் எனக்கு இன்றுவரை தண்ணீர் கொடுப்பதோடு சரி.

இந்த இரண்டையும் செய்யாமல், கடையில் சரக்கு இருந்த 2020 கடைசியிலேயே கணக்கு நோட்டுகளோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் சார் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார். வங்கியோடு தவணையை மாற்றி அமைக்கப் பேசியிருக்கலாம். பேச்சு முறிந்து மனுவே போட்டிருந்தாலும் சரக்கும் வீட்டில் ஒரு பகுதியும் விற்று ரூபாய்க்கு அறுபது பைசா வந்திருக்கும். இந்த விகிதம் ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மனுவுக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனா. நிதி நிறுவனம் தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்றக் கோரும் ஈ.பி. போட்டு, கைது வாரண்டு கேட்டிருந்தது. பணத் தீர்ப்புக்காக ஆளைச் சிவில் சிறையில் வைக்க இன்றும் சட்டத்தில் இடமுண்டு: தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் மூன்று மாதம் வரை. 2,000 ரூபாய்க்கு உட்பட்ட தீர்ப்புக்குச் சிறை இல்லை. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே கூடாது. சிறையில் வைப்பவரே சாப்பாட்டுப் படியையும் கட்ட வேண்டும், இருந்துவிட்டு வந்தாலும் கடன் தீராது. 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, கொடுக்க வழியில்லாத ஏழையை வெறும் பாக்கிக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. வாரண்டுக்கு முன் கடனாளிக்கு அதைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் அமீனா டவுன் கடைவாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எந்தத் தீர்ப்பும் நினைவுக்கு வராது. அத்தான் அன்றிரவு என் வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

"மஞ்சக் கடுதாசி குடுத்தவன்னு பேர் வாங்கிட்டு நான் எப்படி டவுன்ல நடமாட முடியும், மாப்ள?" என்றார். கடையைப் பூட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. டவுனில் அவர் நடமாடியும் மூன்று வாரம் ஆகியிருந்தது.

மனுவை ஏற்றதும் கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போகும், அரசிதழிலும் வெளியாகும். எங்கள் வழக்கில் தினசரியிலும் வந்தது: பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாவற்றோடும். அந்தத் தாளை அக்கா மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். நொடித்தவர் என்று உத்தரவானதும் அவருடைய சொத்து முழுவதும் ரிசீவர் வசமாகும். அதன் பிறகு கடன் கொடுத்தவர் யாரும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனித்தனியே நடவடிக்கை எடுக்க முடியாது. கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்டுப் பெறலாம். சொத்தை அடமானமாகப் பெற்றவர் மட்டும் தன் அடமானத்தின் மேல் தனியாகப் போகலாம். உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர், மாடு, விதைநெல் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்பது சிவில் நடைமுறைச் சட்டம். பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் எது சமையல் பாத்திரம், எது சரக்கு என்று பிரிக்க ரிசீவர் அலுவலக ஊழியர் அரை நாள் பட்ட பாட்டை நினைத்தால் அந்தத் துயரத்திலும் சிரிப்பு வரும். கடைசியில் அடி கரிந்திருந்தது வீட்டுக்கு, பளபளப்பாக இருந்தது பட்டியலுக்கு என்று முடிவாயிற்று.

இனி என் கதை. நம் பேச்சில் கடன்காரன் என்றால் கொடுத்தவனும் ஆகும், வாங்கியவனும் ஆகும். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ஜாமீன் போட்டவன் ஒரே சமயத்தில் இரண்டுமாக இருக்கிறான் என்பதை நான் என் செலவில் கற்றேன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. வங்கி முதலில் அவரை விரட்டிவிட்டுப் பிறகுதான் என்னிடம் வர வேண்டும் என்பதில்லை. நேராக என்னிடமே வரலாம். அத்தான் நொடித்தவர் என்று உத்தரவாகி, நாளை கடனிலிருந்து முழு விடுதலையே பெற்றாலும், அந்த விடுதலை ஜாமீன்தாரரைச் சேராது என்று நொடிப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அவருக்கு மூடிய கதவு எனக்குத் திறந்தது. இதை எத்தனை கட்சிக்காரர்களுக்கு நானே விளக்கியிருப்பேன்! இருந்தும் 2018இல் வங்கி மேசையில் பேனாவை நீட்டியபோது தாளின் தலைப்பைக்கூடப் படிக்காமல் போட்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

வங்கியோடு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி, பாக்கியில் ஒரு பகுதியை ஒரே தவணையாக நான் கட்டி முடித்தேன். லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை என்பது வசதி. கட்டிய தொகைக்கு அத்தானிடம் உரிமை கோரும் பாத்தியதை எனக்கு வந்துவிட்டதால், பதினோராவது வரியில் முன்பு 'ஜாமீன்தாரர், இன்னும் செலுத்தவில்லை' என்றிருந்ததை 'செலுத்தியவர்' என்று திருத்த வேண்டியதாயிற்று. ஒன்றை மட்டும் வங்கியில் பேசும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: குறைத்துக் கட்டினால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்றே வரும். அடுத்த கடனுக்குப் போகும்போது அந்தச் சொல் முன்னே வந்து நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தவறு இருந்து புகார் செய்தால் முப்பது நாளில் தீர்க்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் தர வேண்டும். என் அறிக்கையில் அத்தானின் கடன் கட்டி முடித்த பிறகும் பாக்கியாகவே நின்றது. புகார் எழுதித் திருத்தினேன்.

நொடிப்பு மனு தொடாத கடன்களும் உண்டு. அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடியால் ஏற்பட்டது, மனைவி மக்களின் ஜீவனாம்சம் ஆகியவை விடுதலை உத்தரவுக்குப் பிறகும் தொடரும். காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, அதற்கு ஐ.பி. தடை ஆகாது. கந்து வட்டிக்காரர் அந்த வெற்றுக் காசோலைகளில் ஒன்றை நான்கு லட்சத்துக்கு நிரப்பி வங்கியில் போட்டார். அதற்கு எதிராக அதீத வட்டிச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்த பிறகே அவர் பேச்சுக்கு இறங்கினார். அந்தப் புகாரைப் பதினான்கு மாதங்களுக்கு முன்பே கொடுத்திருக்கலாம்.

விடுதலை உத்தரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நொடித்தவர் என்று உத்தரவு போடும்போதே, எத்தனை நாளுக்குள் விடுதலை மனுப் போட வேண்டும் என்று நீதிமன்றம் குறித்துவிடும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கைது வாரண்டு நின்றதும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டாவது மனுவை மறந்துவிடுவார்கள். தவறினால் முதல் உத்தரவே ரத்தாகும், பழைய கடன்கள் பழையபடி எழுந்து நிற்கும், மறுபடி மனுப் போட நீதிமன்ற அனுமதி வேண்டும். மனுப் போட்டாலும் முழு விடுதலை எளிதில் கிடைக்காது. சொத்தின் மதிப்பு ரூபாய்க்கு ஐம்பது பைசாவாவது தேறாவிட்டால், அது தன் குற்றத்தால் நேரவில்லை என்று அவர் காட்ட வேண்டும். கணக்கு நோட்டு வைக்காதது, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தது, அடைக்க வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கியது, சூதாட்டம், ஊதாரிச் செலவு எல்லாம் எதிராக எடுத்துக்கொள்ளப்படும். எங்கள் சார் போட்ட அறுபது பைசாக் கணக்கு இதற்குத்தான். அத்தானின் சரக்கு விற்று வந்தது ரூபாய்க்கு இருபத்திரண்டு பைசா. வீட்டுப் பத்திரத்தை ரத்து செய்ய ரிசீவர் போட்ட மனு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. அக்கா அந்த வீட்டில்தான் இருக்கிறாள், சுண்ணாம்பு அடிக்க மனமில்லாமல்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

அத்தான் இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். விடுதலை மனுவை நாள் தவறாமல் போட்டுவிட்டோம். உத்தரவு வரும் வரை அவர் சட்டத்தின் கண்ணில் விடுபடாத நொடித்தவர். அந்த நிலையில் இருப்பவர் யாரிடமாவது ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தான் இன்ன நிலையில் இருப்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. இதுவும் 1920ஆம் ஆண்டின் ஐம்பது ரூபாய்தான். போன மாதம் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அந்தக் கடையில் இருவருக்கும் மாதக் கணக்கு உண்டு. அவர் சுவரில் தொங்கிய நோட்டைப் பார்த்தார்.

"அப்ப டீக்கடைக்காரர்ட்டயும் சொல்லணுமா, மாப்ள?"

எழுத்துப்படி பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய் அந்த மாதத்துப் பாக்கி நூற்று நாற்பத்து நான்கு ரூபாயை எண்ணிக் கொடுத்து, நோட்டில் தன் பெயரைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு டீக்கும் கையோடு காசு கொடுக்கிறார். நோட்டில் இப்போது என் பெயர் மட்டும் இருக்கிறது.